தோப்பி, தேறல், கள்: தொண்டை நாட்டுக் கடற்கரையில் வீட்டு மது

தோப்பி என்பது சங்க காலத் தமிழர் அரிசியைக் கொண்டு வீட்டிலேயே ஆக்கிய கள் ஆகும். இன்று கள் என்றால் பனையும் தென்னையும்தான் நினைவுக்கு வருகின்றன. சங்க நூல்களிலோ மரத்துக் கள், அரிசிக் கள், தேன் கலந்த மூங்கில் கள், கடல் கடந்து வந்த யவனர் மது எனப் பல வகை மதுக்கள் பேசப்படுகின்றன. அவற்றுள் அரிசிக் கள்ளைப் பற்றிய விரிவான குறிப்பு பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. அதன் பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பாணன் நடந்து செல்லும் நிலம், பிற்காலத்தில் திருக்கழுக்குன்றமும் மாமல்லபுரமும் செங்கற்பட்டும் அடங்கிய தொண்டை நாடு.

இக்கடற்கரையில் வீட்டுப் பானையில் பிறந்த மது எப்படி மரத்துக்கும், கடைக்கும், பின்னர் அரசின் கணக்குப் புத்தகத்துக்கும் இடம் மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெயர்களே செய்முறை

மதுவுக்குப் பழந்தமிழில் வழங்கிய பெயர்கள் பல. அவற்றில் சில வெறும் பெயர்கள் அல்ல. செய்முறையின் ஒவ்வொரு படியையும் காட்டுபவை. அரித்து எடுப்பது அரியல். பிழிந்து எடுப்பது பிழி. வண்டல் அடியில் தங்க, தெளிந்து மேலே நிற்பது தேறல். தேறுதல் என்றால் தெளிதல். உண்டவரிடம் தோன்றும் விளைவால் வந்த பெயர் மகிழ். நறவு, நறா என்பவை மணத்தைச் சுட்டும். இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தாலே மது ஆக்கும் வீட்டின் கொல்லைப்புறம் கண்முன் வந்துவிடும்.

வடிகட்டப் பயன்பட்ட கருவிக்கு நெய்யரி என்று பெயர். பனை மட்டையின் அடியில் வலைபோல் இருக்கும் பன்னாடையும் இதற்கு உதவியது. நல்லதைக் கீழே விட்டுக் கசடை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வது அதன் இயல்பு. அதனால்தான் நன்னூல் கடைமாணாக்கருக்கு நெய்யரியை உவமையாக்கியது. வகுப்பறைகளில் இன்றும் கேட்கும் ‘பன்னாடை’ என்ற வசவு இந்த வழியில் வந்ததே. திட்டுபவருக்கும் திட்டு வாங்குபவருக்கும் அது வடிகட்டி என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

வலைஞர் குடியிருப்பில்

பெரும்பாணாற்றுப்படையைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பரிசில் பெற்ற பாணன் ஒருவன், பெறாத மற்றொருவனுக்கு வழி சொல்கிறான். வழியில் ஒவ்வொரு குடியிருப்பிலும் என்ன உணவு கிடைக்கும் என்றும் கூறுகிறான். ஆகவே இந்நூலை ஓர் உணவு வழிகாட்டியாகவும் படிக்கலாம்.

வலைஞர் குடியிருப்பில் அவனுக்குக் கிடைப்பது சுட்ட மீனும் அரிசிக் கள்ளும். அக்கள் ஆக்கப்பட்ட விதத்தைப் புலவர் படிப்படியாகச் சொல்கிறார். நச்சினார்க்கினியர் உரையின் துணையோடு அதை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். குற்றித் தீட்டாத கொழியல் அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக ஆக்குகின்றனர். அக்கூழை அகன்ற வாயுடைய பிழா என்னும் தட்டில் பரப்பி ஆற்றுகின்றனர். பின்னர் முளைவிட்ட நெல்லை இடித்து அதில் கலக்கின்றனர். அம்முளை பாம்புப் புற்றில் காணப்படும் புற்றாஞ்சோறு போன்ற தோற்றம் உடையது என்கிறார் புலவர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிகின்றன. உறுதியான வாயுடைய சாடியில் அது முற்றி விளைந்த பின் விரலால் அலைத்துப் பிழிந்து அரித்து எடுக்கின்றனர்.

இச்செய்முறையின் உயிர் முளைவிட்ட நெல்லில் இருக்கிறது. அரிசியில் உள்ளது மாவுச்சத்து. மதுவை உண்டாக்கும் ஈஸ்ட் நுண்ணுயிரால் மாவுச்சத்தை நேரடியாக உண்ண முடியாது. அதற்குச் சர்க்கரை வேண்டும். தானியம் முளைவிடும்போது அமிலேசு என்னும் நொதி அதனுள் தோன்றி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். ஐரோப்பாவில் வாற்கோதுமையை முளைக்கவிட்டுப் பீர் ஆக்குவது இதே அறிவின்மேல்தான். நாகாலாந்தின் அங்காமி மக்கள் ஆக்கும் ‘சுத்தோ’ என்னும் அரிசிக் கள்ளிலும் முளைவிட்ட அரிசியே இடித்துச் சேர்க்கப்படுகிறது. ஜார்க்கண்டு, ஒடிசா பகுதிகளின் ‘ஹண்டியா’வில் வேறு வழி: வேர்களும் இலைகளும் சேர்த்து உருட்டிய மாவு வில்லைகளில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்கின்றன. கூழை ஆற்றிய பின்பே முளையைச் சேர்க்க வேண்டும் என்ற வரிசைகூட முக்கியமானது. கொதிக்கும் கூழில் நொதி அழிந்துவிடும். நொதி என்ற சொல்லோ கருத்தோ இல்லாத காலத்தில் அந்த வரிசையைக் கைப்பழக்கமாக வைத்திருந்தார்கள் என்பது வியப்புக்குரியது. புலவர் அதை மாற்றாமல் பதிவு செய்திருப்பது நமது நல்லூழ்.

ஆகவே தோப்பியைப் பீரின் உறவினர் எனலாம். பனங்கள்ளோ வேறு குடும்பம். அதில் சர்க்கரை முதலிலேயே இருக்கிறது. முளையோ கூழோ வேண்டாம். ஆப்பிள் சாற்றைத் தானே புளிக்க விட்டு எடுக்கும் சைடர் எந்த முறையைச் சேர்ந்ததோ, அதே முறையைச் சேர்ந்தது கள். தானியக் குடும்பமும் சாற்றுக் குடும்பமும் இக்கடற்கரையில் அருகருகே வாழ்ந்தன.

வீட்டில் ஆக்கியதும் விலைக்கு வாங்கியதும்

இதே நூலில் அரணில் வாழும் மறவர் வரும் பகுதி கவனிக்கத்தக்கது. பகைவர் நாட்டுப் பசுக்களைக் கவர்ந்து வந்து, அவற்றை நறவுக்கு விலையாகக் கொடுக்கிறார்கள். பின்பு வீட்டில் ஆக்கிய தோப்பியையும் பருகுகிறார்கள். விலைக்கு வாங்கும் மதுவும் வீட்டில் ஆக்கும் மதுவும் வெவ்வேறு என்பதைப் புலவர் ஒரே மூச்சில் காட்டிவிடுகிறார்.

அவ்வீட்டு மதுவை ஆக்கியவர்கள் யார்? அதற்கும் விடை உண்டு. நீர்ப்பெயற்று என்னும் துறைமுகப் பகுதியில் கள் ஆக்கும் மகளிர் வருகின்றனர். அவர்கள் கிண்ணங்களைக் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகிறது. அச்சேற்றில் பன்றிகள் தம் குட்டிகளோடு புரள்கின்றன. ஆண்பன்றி ஒன்றைத் தனியே குழியில் நிறுத்தி, நெல் மாவை ஊட்டிக் கொழுக்க வைக்கின்றனர். உலகின் பல பகுதிகளில் மது ஆக்கும் வீடுகளும் பன்றி வளர்ப்பும் சேர்ந்தே இருந்திருக்கின்றன. நீர்ப்பெயற்றை மாமல்லபுரத்தோடு பொருத்திப் பார்ப்போர் உண்டு, மறுப்போரும் உண்டு.

தெற்கே சென்றால் சிறுபாணாற்றுப்படையின் நாடு. நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்நூலின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனது எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு பொருத்துவது வழக்கம். அங்கே அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், உறங்கும் ஒட்டகங்கள் போலக் கிடக்கின்றன. அவற்றை விறகாக்கித் தீ மூட்டி, நுளையர் குலப் பெண் அரித்துக் கொடுத்த பழைய தேறலைப் பரதவர் பாணர்க்கு அளிக்கின்றனர். ‘பழைய’ என்ற அடை பொருளற்றது அன்று. புதிதாய் இறக்கியதற்கும் நாள்பட வைத்ததற்கும் உள்ள சுவை வேறுபாட்டை அவர்கள் மதித்தார்கள்.

சுவை ஒப்பீடு

சங்கப் புலவர்கள் மதுவை வெறும் போதைப் பொருளாகப் பாடவில்லை. சுவைத்து ஒப்பிட்டே பாடினார்கள். தோப்பிக்கு அவர்கள் தரும் அடைமொழி இனிமை. இரண்டு நாளில் எடுத்துவிடும் அரிசிக் கள்ளில் சர்க்கரை முழுதும் மதுவாக மாறியிருக்காது. ஆகவே அது இனித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. நாள்பட்ட தேறலுக்கோ உவமைகள் வேறு: ஒரு புறப்பாடல் தேளின் கடுப்பைச் சொல்கிறது, வேறு பாடல்கள் சீறும் பாம்பைச் சொல்கின்றன. மலைநிலத்தில் மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்த தேன் கலந்த தேறல் மலைபடுகடாத்திலும் திருமுருகாற்றுப்படையிலும் வருகிறது. மரப் பீப்பாயில் வைத்து முதிர வைக்கும் ஐரோப்பிய வழக்கத்தின் மலைநாட்டு வடிவம் இது.

புறநானூற்றின் 24ஆம் பாடலில் மாங்குடி கிழார் வேறொரு கலவையைச் சொல்கிறார். பனங்குரும்பையின் நீர், கரும்புச்சாறு, தெங்கின் நீர் ஆகிய மூன்றையும் கலந்து குடித்துவிட்டுக் கடலில் பாய்ந்து ஆடுகின்றனர் நெய்தல் நிலத்தார். மூன்று நீரை உண்டு முந்நீரில் பாய்கிறார்கள் என்ற சொல் விளையாட்டுக்காகவே மாணவர்கள் இப்பாடலைத் தேடிப் படிக்கலாம்.

வெளிநாட்டு மதுவும் வந்தது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த நறுந்தேறலைப் பாண்டியன் பருகுவதை நக்கீரர் புறநானூறு 56இல் பாடுகிறார். அக்கலங்களின் உடைந்த ஓடுகள் மண்ணுக்குள் கிடைத்துள்ளன. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு இதற்குப் புகழ்பெற்ற இடம். திருக்கழுக்குன்றத்துக்கு மிக அருகிலேயே, பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரத்தில் 1970இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்விலும் ஆம்போரா வகைச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இந்தியக் கரைகளில் ரோமானியச் சாடி என்று கருதப்பட்டவற்றில் பல, மெசபொத்தேமியப் பகுதியிலிருந்து வந்த அடி குவிந்த ‘டார்பிடோ’ சாடிகள் என்று பிற்கால ஆய்வாளர்கள் கூறுகின்றனர். எந்த நாட்டுச் சாடியானாலும், அயல்மது இறங்கிய கரையில்தான் உள்ளூர்ப் பெண்களின் பானைகளும் இருந்தன.

மது வீரத்தோடும் இரப்போர்க்கு ஈதலோடும் சேர்த்து எண்ணப்பட்டது. அதியமான் இறந்தபோது ஔவையார், கொஞ்சமாகக் கள் கிடைத்தால் தமக்கே கொடுத்துவிடும் அவன் இயல்பை நினைத்து அழுகிறார். நடுகல்லுக்குத் தோப்பி படைத்ததை அகநானூறு 35ஆம் பாடல் சொல்கிறது. எனினும் பழந்தமிழர் எல்லாரும் மதுவைப் போற்றினர் என்று முடிவு கட்டுவது தவறு. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. குடித்தவனின் மானக்கேட்டையும், ஈன்ற தாயே அவனைக் கண்டு வருந்துவதையும் வள்ளுவர் தயவு தாட்சண்யமின்றிச் சொல்கிறார். இரண்டு குரல்களும் தமிழுக்குள்ளேயே ஒலித்தவை.

மரத்தை எண்ணலாம், பானையை எண்ண முடியாது

பல்லவர் காலத்தில் காஞ்சியில் மதுக்கடை தெருவில் இருந்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் வடமொழி அங்கத நாடகத்தில், காபாலிகன் ஒருவன் தன் துணைவியுடன் கள்ளுக்கடைக்கு வந்து அதை வேள்விச் சாலைக்கு ஒப்பிட்டுப் புகழ்கிறான். பெண்கள் வீட்டில் ஆக்கிய பானை அங்கே இல்லை, கடை இருக்கிறது.

பல்லவ, சோழச் செப்பேடுகளில் ஈழப்பூட்சி என்னும் வரி வருகிறது. கள் இறக்குவோர்மேல் விதித்த வரி இது. தானமாகக் கொடுத்த ஊர்களில் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்ற விதியும் சில செப்பேடுகளில் உண்டு. அரசுக்கு மரம் தெரிகிறது. அது ஊர் நடுவில் நிற்கும், ஏறுபவன் தெரிவான், எண்ணிக்கை எடுக்கலாம். அடுப்படியில் இரண்டு நாள் மூடி வைத்த சாடி தெரியாது. பனையோ நெல்லைக் கேட்பதில்லை, தண்ணீரையும் கேட்பதில்லை. உண்ணும் அரிசியைச் செலவிட்டு முளை கட்டிக் கூழ் காய்ச்சுவதைவிடக் கலயம் கட்டுவது மலிவு. தோப்பி என்ற சொல் பேச்சிலிருந்து போய் நிகண்டுகளில் தங்கியதற்கு இவ்விரண்டும் காரணங்களாக இருந்திருக்கலாம்.

பனையேற்றம் எளிய தொழில் அன்று. காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் அரிவாள் பெட்டி கட்டி, நாள்தோறும் காலையும் மாலையும் ஏற வேண்டும். பாளையை இடுக்கி நசுக்கி, நுனியை மெல்லச் சீவி, கலயம் கட்ட வேண்டும். ஒருநாள் தவறினாலும் பாளையின் சுரப்பு குன்றும். வட மாவட்டங்களில் கிராமணிகளும் தெற்கே நாடார்களும் இத்தொழிலில் பெருமளவில் இருந்தனர்.

பாளையிலிருந்து வடியும் சாறு கலயத்தில் விழுந்ததுமே புளிக்கத் தொடங்கும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்காது; அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். ஒரு நாள் கடந்தால் புளிப்பு ஏறும். மேலும் விட்டால் காடி. காலைக் கள் இனிக்கும், மாலைக் கள் கடுக்கும் என்று குடித்தவர்கள் சொல்வதன் பின்னணி இதுவே. கள்ளில் ஆல்கஹால் பெரும்பாலும் 4 முதல் 6 விழுக்காடு வரை இருக்கும். இது ஏறத்தாழப் பீரின் அளவு.

ஆப்காரி காலம்

வாலையில் வடிக்கும் சாராயம் பரவியபின் போதையின் அளவே மாறியது. வெல்லத்தையும் வெள்வேலம் பட்டையையும் ஊறவைத்து வடித்த பட்டைச் சாராயம் இந்நாட்டில் வழங்கிய வகை. திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டித் துணி வணிகம் செய்தனர். பிரித்தானியர் ஆட்சியில் சென்னைக்கு இங்கிலாந்திலிருந்து பீர் கப்பலில் வந்தது. நீலகிரியில் 1857இல் தொடங்கிய காசில் புரூவரி உள்ளிட்ட ஐந்து தென்னிந்திய ஆலைகளை இணைத்து 1915இல் தாமஸ் லீஷ்மன் யுனைட்டெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். பீர் என்றால் ஆலையில் ஆவது, வெள்ளைக்காரருடையது என்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியது. முளை நெல்லால் மது ஆக்கிய நாடு இது என்பதை நினைக்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் உரிமம் இன்றி மது ஆக்குவதையும் கள் இறக்குவதையும் குற்றமாக்கியது. மரவரி முறையில் ஒவ்வொரு மரத்துக்கும் வரி உண்டு. மரத்தில் அடையாள எண் இடப்பட்டது. ஈழப்பூட்சி அரசு அலுவலகத்துக்குள் நுழைந்து கோப்பாக மாறிவிட்டது எனலாம். குடி பெருகினால் வருவாய் பெருகும் என்ற நிலையைத் தேசிய இயக்கத்தார் கடுமையாகக் கண்டித்தனர். கள்ளுக்கடை மறியல் நடந்த 1921இல் ஈ. வெ. இராமசாமி தம் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார்.

1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. நாட்டு விடுதலைக்குப் பின் 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. மரமேறிகளுக்கு மாற்று வேலையாகப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது; 1974இல் திரும்பியது; 1981இல் கள்ளும் சாராயமும் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. 1983இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனம் 2003இல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. இதன் விளைவை நடுநிலையில் நின்று பார்ப்போருக்கும் முரண் தெரியும்: 5 விழுக்காட்டுக் கள் குற்றம்; 40 விழுக்காட்டைத் தாண்டும் பிராந்தியை அரசே விற்கிறது. கள்ளின் மீதான தடையை நீக்கக் கோரும் உழவர்களும் பனையேறிகளும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். அண்டைக் கேரளத்திலும் புதுச்சேரியிலும் கள்ளுக்கடைகள் உண்டு. பிரிட்டனில் வீட்டுப் பீருக்கான உரிமத் தேவை 1963இல் நீங்கியது. அமெரிக்காவில் 1978இல் சட்டம் வழிவிட்டது.

தடை வேண்டும் என்போரின் வாதமும் வெறும் ஒழுக்கப் பிடிவாதம் அன்று. கள்ளில் குளோரல் ஹைட்ரேட் போன்ற மயக்க மருந்துகளைக் கலந்து விற்ற நிகழ்வுகள் தென்னிந்தியாவில் உண்டு. குடியால் குடும்ப வருவாய் அழிந்து தெருவில் நின்ற பெண்களின் குரலும் மதுவிலக்கின் வலிமைக்குப் பின்னால் இருந்தது. ஒரு காலத்தில் தோப்பியை ஆக்கியவர்களும் பெண்கள்தாம்.

2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவ ஊரிலும், செங்கற்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தானியமோ பனஞ்சாறோ புளிக்கும்போது உண்டாவது எத்தில் ஆல்கஹால். அதில் மெத்தனால் மிகச் சிறிய அளவே இருக்கும். உயிரைப் பறித்தது தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். எயிற்பட்டினத்துப் பெண் பழம் தேறலை அரித்து வழிப்போக்கருக்குக் கொடுத்ததாகச் சிறுபாணாற்றுப்படை சொல்லும் அதே கடற்கரைதான் அது.

1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்டதால் தோப்பியின் செய்முறை ஏட்டிலிருந்து நம் கைக்கு வந்தது. தென்னையிலிருந்து புளிக்காத நீரா இறக்க 2017இல் தமிழ்நாடு அரசு அனுமதி அறிவித்தது. பனையில் பதநீர் முன்பிருந்தே உண்டு. கோடையில் திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வட்டாரச் சாலைகளில் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தரும் பதநீரைக் குடிப்பவர் அதில் மெல்லிய சுண்ணாம்பு வாடையை உணரலாம். கலயத்தின் உட்சுவரில் பூசிய அந்த வெள்ளைப் பூச்சுதான் இன்று சட்டத்துக்கு உட்பட்ட சாற்றையும் உட்படாத சாற்றையும் பிரிக்கிறது.